கதிர்வீச்சு சிகிச்சையில் கணக்குக்கு என்ன வேலை?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் யாருக்காவது கேன்சர் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீடு, கோயில் மண்டபம், கருமாதி எங்கே போனாலும் ஆளுக்கொரு விளக்கம் இலவசமாகக் கிடைக்கும். "மெஷின் கட்டியை எரிச்சிடும்" என்பார் ஒருவர். "இப்ப எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்குது, டாக்டர் கையெழுத்துப் போடறதோட சரி" என்பார் இன்னொருவர். "புது மெஷின்னா சைட் எஃபெக்டே கிடையாது" என்று ஒரு பெரியம்மா அடித்துச் சொல்வார். மூன்றும் தப்பு. நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் வருகிற தப்பு.

நான் கணக்கு சொல்லிக்கொடுப்பவன், டாக்டர் இல்லை. யாருக்கு எந்த சிகிச்சை நல்லது என்பதெல்லாம் இங்கே கிடையாது. அந்தப் பெரிய மெஷின் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிரை விடவேண்டும் என்று எப்படி முடிவாகிறது என்பது மட்டும்தான் விஷயம். அதற்கு உகப்பாக்கம் என்று பெயர், ஆஸ்பத்திரியில் ஆப்டிமைசேஷன் என்பார்கள். போட்ட நிபந்தனைகளை மீறாமல், இருக்கிற வழிகளில் ஆகச் சிறந்ததைக் கணக்குப் போட்டுத் தேடுவது, அவ்வளவுதான். 'ஆகச் சிறந்தது' என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வருவோம்.

## எரிப்பதே இல்லை

கதிரின் அளவை, அதாவது டோஸை, கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது 1 கிரே. தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மொத்த டோஸ் 70 கிரே. ஒரு கிலோ தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கவே சுமார் 4,200 ஜூல் வேண்டும். ஆக, அந்த 70 கிரேயை மொத்தமாக ஒரே நிமிடத்தில் கொடுத்தாலும் அந்த இடம் 0.02 டிகிரி கூடச் சூடாகாது. இதில் எங்கே எரிப்பது?

கதிர் செய்வது வேறு வேலை. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையை அறுக்கிறது. அறுந்ததை ஒட்டிக்கொள்ள முடியாத செல், பெருகப் போகும்போது செத்துப்போகிறது. தோல் சிவந்து கறுத்துப்போவதைப் பார்த்து எரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அங்கேயும் தோலின் செல்கள் செத்து, புதிது வரத் தாமதமாவதுதான் காரணம், சூடு இல்லை.

கதிருக்கு எது கேன்சர் செல், எது நல்ல செல் என்று தெரியாது, போகிற வழியில் எது இருந்தாலும் அறுக்கும். ஒட்டிக்கொள்ளும் திறமை நல்ல செல்லுக்குக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் ஒரேயடியாகக் கொடுக்காமல் நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 35 தடவை என்று பிரித்து, நல்ல செல்லுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தத் திறமைக்கும் எல்லை உண்டு. தண்டுவடம் 50 கிரேயைத் தாண்டினால் கை கால் விழுந்துபோகிற அபாயம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் 45 என்று முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்வது வழக்கம். காதுக்குக் கீழே இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பி சராசரியாக 26 கிரேக்கு மேல் வாங்கினால் வாய் வறண்டு போய், ஒரு வாய் சோற்றுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் இறங்கும் என்ற நிலைமை நிரந்தரமாகிவிடலாம்.

## ஒரே பக்கமிருந்து விட்டால்

பரவலாகப் பயன்படும் எக்ஸ்ரே கற்றை (6 மெகாவோல்ட் என்பார்கள்) உடம்புக்குள் நுழைந்து சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் குறைந்துகொண்டே வரும். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம். கட்டி அந்த ஆழத்தில் இருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் நல்ல சதை கட்டியைவிட அதிக டோஸ் வாங்கும். கட்டியோடு நிற்கவும் நிற்காது, மறுபக்கம் வெளியேறும் வரை வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே போகும்.

ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இதற்கான வழி சட்டென்று புரியும். எல்லா பஸ்ஸையும் ஒரே சாலையில் விட்டால் கோயிலில் கூட்டம் சேரத்தான் செய்யும், ஆனால் அந்தச் சாலையில் குடியிருப்பவர்கள் பாடு திண்டாட்டம். டர்பன் பக்கமிருந்து கொஞ்சம், சாட்ஸ்வர்த் பக்கமிருந்து கொஞ்சம், தென் கடற்கரைப் பக்கமிருந்து கொஞ்சம் என்று பிரித்தால் ஒவ்வொரு சாலையிலும் நெரிசல் தாங்கும்படி இருக்கும், கோயில் வாசலில் மட்டும் எல்லாம் ஒன்றுசேரும். இப்போது ஒரு சாலையோரம் முதியோர் இல்லம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பஸ்ஸைக் குறைத்தால் அடுத்த சாலையில் கூட்டியாக வேண்டும், அந்தச் சாலையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அப்படியானால் எந்தச் சாலையில் எத்தனை பஸ்? கட்டிதான் கோயில், கற்றைகள்தான் சாலைகள், வழியில் இருக்கும் தண்டுவடமும் சுரப்பியும்தான் முதியோர் இல்லமும் பள்ளிக்கூடமும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கதிர் எரிப்பதில்லை, அறுக்கிறது. நல்லது கெட்டது பார்க்காது. பல திசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கட்டியில் மட்டும் குவியும். எந்தத் திசைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

## கேப் டவுனில் ஒரு பகுதி நேர வேலை

குரூட்டெ ஸ்கியூர் ஆஸ்பத்திரி என்றால் இந்த நாட்டில் எல்லாருக்கும் 1967-இல் கிறிஸ்டியன் பார்னார்ட் செய்த இதய மாற்று ஆபரேஷன்தான் ஞாபகம் வரும். எனக்கென்னவோ அதற்குப் பதினோரு வருஷம் முன்னால் அங்கே நடந்ததுதான் பெரிசு.

1956-இல், ஜொகனஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கோர்மாக் என்ற இயற்பியல் விரிவுரையாளர் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பகுதி நேரமாகப் போனார். கதிரியக்கப் பொருள்களைக் கையாள்வதை ஓர் இயற்பியலாளர் மேற்பார்வையிட வேண்டும் என்பது சட்டம், ஏற்கெனவே இருந்தவர் விலகிவிட்டார். போன இடத்தில் சிகிச்சைக்கு எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார். உடம்பு முழுக்க ஒரே மாதிரியான பொருள் என்று வைத்துக்கொண்டு டோஸைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். எலும்பு கதிரை அதிகமாக உறிஞ்சும், காற்று நிறைந்த நுரையீரல் குறைவாக உறிஞ்சும், உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எப்படிச் சரியான கணக்குப் போடுவது?

அப்போதுதான் அவருக்கு இந்தக் கேள்வி வந்தது: வெளியிலிருந்து பல கோடுகளில் கதிரை விட்டு, ஒவ்வொரு கோட்டிலும் மறுபக்கம் எவ்வளவு குறைந்து வருகிறது என்று அளந்தால், அதை வைத்தே உள்ளே ஒவ்வொரு இடமும் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட முடியுமா? முடியும் என்று காட்டி 1963-லும் 1964-லும் கட்டுரை எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிடி ஸ்கேன் மெஷின் வந்த பிறகுதான் அருமை தெரிந்தது, 1979-இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஒழுங்காகத் திட்டம் போட வேண்டும் என்ற தொல்லையிலிருந்துதான் அவருடைய அந்தக் கணிதம் பிறந்தது.

அந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். ஸ்கேனில், ஒவ்வொரு கோட்டிலும் என்ன நடந்தது என்று தெரியும், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிகிச்சையில், உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு டோஸ் வேண்டும் என்று தெரியும், ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு விடவேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கோர்மாக்கே 1987-இல் இந்தப் பக்கத்துக் கணக்குக்குத் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். சுவீடனில் ஆண்டர்ஸ் பிராமெயும் அதே 1980களில் இதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ஸ்கேனுக்குப் போட்ட சூத்திரத்தையே திருப்பிப் போட்டுவிடலாமே என்றால், அங்கேதான் இடிக்கிறது. கட்டிக்கு 70, சுற்றியிருக்கும் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்று கேட்டால் சூத்திரம் விடை கொடுக்கத்தான் கொடுக்கும், ஆனால் சில கற்றைகளுக்கு மைனஸில் கொடுக்கும். முதியோர் இல்லத்துச் சாலையில் மைனஸ் நாற்பது பஸ் விடு என்ற மாதிரி. போட்ட கதிரைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் கற்றை எந்த மெஷினிலும் இல்லை. மைனஸ் கூடாது என்று சொன்ன அந்த நிமிடமே, நாம் கேட்ட டோஸ் பங்கீடு நடக்காத காரியமாகிவிடுகிறது. கேட்டது கிடைக்காது, அதற்கு ஆகக் கிட்டத்தில் எது கிடைக்கும் என்று தேட வேண்டியதுதான்.

"புது மெஷின்னா சைட் எஃபெக்டே கிடையாது" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. மெஷின் புதிதாக இருந்தால் கிட்டத்தில் போக முடியும், அவ்வளவுதான்.

## காகிதத்தில் போடக்கூடிய ஒரு கணக்கு

பள்ளிக்கூடக் கணக்கு அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்தவை, கணக்கின் வடிவம் நிஜம்.

தொண்டையில் கட்டி. கற்றைகள் இரண்டே இரண்டு. முன்பக்கக் கற்றையை ஓர் அலகு திறந்தால் கட்டிக்கு 1 கிரே, பின்னால் இருக்கும் தண்டுவடத்துக்கு 0.8, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு 0.1. பக்கவாட்டுக் கற்றையை ஓர் அலகு திறந்தால் கட்டிக்கு அதே 1 கிரே, தண்டுவடத்துக்கு 0.2, ஆனால் வழியிலேயே இருப்பதால் சுரப்பிக்கு 0.6. கட்டிக்கு 70 வந்தாக வேண்டும். தண்டுவடம் 45-ஐத் தாண்டக் கூடாது, சுரப்பி 26-ஐத் தாண்டக் கூடாது. இப்படி மீறக்கூடாதவற்றைக் கட்டுப்பாடுகள் என்பார்கள்.

எழுபதையும் முன்பக்கமே விட்டால் தண்டுவடம் 56 வாங்கும், கூடாது. எழுபதையும் பக்கவாட்டில் விட்டால் சுரப்பி 42 வாங்கும், அதுவும் கூடாது. பாதிப் பாதி, 35-க்கு 35 என்று வைத்தால் தண்டுவடம் 35, சுரப்பி 24.5, இரண்டும் உள்ளே அடங்கிவிட்டது. சரி, முடிந்ததா? இல்லை. முன்பக்கம் 32 முதல் கிட்டத்தட்ட 51 வரை எந்த எண்ணை வைத்தாலும் (மிச்சம் பக்கவாட்டில்) எல்லாக் கட்டுப்பாடும் நிறைவேறுகிறது, போட்டுப் பாருங்கள். அத்தனையும் ஏற்புடைய தீர்வுகள். அவற்றில் எது நல்லது?

இதைக் கணக்கு தானாகச் சொல்லாது. தண்டுவடம் 45-க்குள் இருந்தால் போதும், சுரப்பி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று ஒரு டாக்டர் சொன்னால், முன்பக்கம் 51, பக்கவாட்டில் 19: தண்டுவடம் 44.6, சுரப்பி வெறும் 16.5. இன்னொரு டாக்டர், நோயாளிக்கு ஏற்கெனவே முதுகுப் பிரச்சினை, 45 வரை போக எனக்கு மனசில்லை, 40-இல் நிறுத்து என்றால், முன்பக்கம் 43, பக்கவாட்டில் 27: தண்டுவடம் 39.8, சுரப்பி 20.5. எதைக் குறைக்கப் பார்க்கிறோமோ, இங்கே சுரப்பியின் டோஸ், அதற்குக் குறிக்கோள் சார்பு என்று பெயர்.

இந்த வகைக்கு நேரியல் திட்டமிடல் என்பார்கள். 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார், 1960களிலேயே அதைக் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வணிகக் கணிதம் படித்தவர்கள் நாற்காலி மேசை விற்கிற லாபக் கணக்காக இதைப் போட்டு மறந்திருப்பார்கள்.

## நிஜத்தில் எவ்வளவு பெரிசு

நிஜமான திட்டத்தில் இரண்டு கற்றை, மூன்று இடம் என்று இருக்காது. சிடி ஸ்கேன் படத்தை சில மில்லிமீட்டர் அளவுள்ள குட்டிக் கனசதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாக்ஸல். அப்படி லட்சக்கணக்கில் இருக்கும். கற்றையையும் முழுசாக விடுவதில்லை, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள், எல்லாத் திசையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டையும் ஓர் அலகு திறந்தால் ஒவ்வொரு வாக்ஸலுக்கும் எவ்வளவு போகும் என்று முதலில் ஒரு மகா பெரிய அட்டவணை. மேலே நாம் எழுதிய 0.8, 0.2 எல்லாம் அந்த அட்டவணையின் ஆறே ஆறு கட்டங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு துண்டாகக் கூட்டிக் குறைப்பதை மெஷின் எப்படிச் செய்கிறது என்றால், கதிர் வெளியே வரும் வாயில் டங்ஸ்டன் தகடுகள் எதிரும் புதிருமாக அடுக்கியிருக்கும். பரவலாக இருக்கும் ஒரு வகையில் 120 தகடுகள், பக்கத்துக்கு 60. ஒவ்வொன்றும் தனித்தனியாக உள்ளே போய் வெளியே வரும். எந்த இடத்தைத் தகடு எவ்வளவு நேரம் மூடியிருக்கிறதோ அந்த இடத்தில் அவ்வளவு குறைவு. சிகிச்சை அறையில் 'டக டக' என்று ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று சிலர் பயப்படுவார்கள், தகடுகள் நகரும் சத்தமும் அதில் ஒன்று.

இனி தேடல். ஒவ்வொரு வாக்ஸலுக்கும் ஓர் அபராதம் விதிப்பார்கள். கட்டியில் ஒரு வாக்ஸலுக்கு 2 கிரே குறைந்தால் அபராதம் 2 இல்லை, அதன் வர்க்கம், 4. 6 கிரே குறைந்தால் 36. அதாவது ஒரே இடத்தில் 6 குறைவது, ஒன்பது இடத்தில் 2 குறைவதற்குச் சமமான குற்றம். பெரிய ஓட்டை விழக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்புறம் ஒவ்வோர் உறுப்பின் அபராதத்தையும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அந்த எண்ணுக்கு எடை என்று பெயர். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே ஓர் எண் வரும். கம்ப்யூட்டர் ஏதோ ஒரு தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, இந்தத் துண்டைக் கொஞ்சம் கூட்டினால் மொத்த அபராதம் ஏறுமா இறங்குமா என்று ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கும் ஒரே சமயத்தில் கணக்குப் பார்த்து, இறங்குகிற பக்கம் ஒரு சின்ன அடி வைக்கும். மறுபடி கணக்கு, மறுபடி ஓர் அடி. இனி இறங்காது என்கிற வரை.

சுருக்கமாக: உடம்பு வாக்ஸல்களாக, கற்றை துண்டுகளாக, ஆசைகள் அபராதங்களாக மாறுகின்றன. மொத்த அபராதத்தைக் குறைப்பதுதான் கம்ப்யூட்டர் செய்யும் வேலை. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

## அந்த எடைகளைப் போட்டது யார்?

ஓரமாக வைத்த கேள்வி இது. "கம்ப்யூட்டரே பார்த்துக்குது" என்பவர்களுக்கும் இதுதான் பதில். தண்டுவடத்துக்கு எவ்வளவு எடை, சுரப்பிக்கு எவ்வளவு, கட்டியின் ஓரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லையா என்பதையெல்லாம் டாக்டரும் மருத்துவ இயற்பியலாளரும் உட்கார்ந்து போடுகிறார்கள். முதல் ஓட்டத்திலேயே திருப்தியாக வருவது அபூர்வம். சுரப்பி அதிகம் வாங்குகிறது, அதன் எடையை ஏற்று. ஏற்றினால் தாடை எலும்பில் எங்கேயோ டோஸ் குவிகிறது. அதற்கு ஒரு கட்டுப்பாடு போடு. இப்போது கட்டியின் ஒரு மூலை குறைகிறது. இப்படியே போகும்.

ஒரு கட்டத்தில், எந்த ஒன்றைச் சரிசெய்தாலும் இன்னொன்று கெட்டுத்தான் ஆகும் என்கிற இடத்துக்கு வந்து நிற்பார்கள். அந்த மாதிரித் திட்டங்களுக்கு, இத்தாலியப் பொருளியல் அறிஞர் பரேட்டோவின் பெயரால், பரேட்டோ தீர்வுகள் என்று பெயர். நம் சின்னக் கணக்கில் 51-19, 43-27 இரண்டுமே அப்படித்தான். இரண்டில் எது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஒருவர் மேடையில் பாடுகிறவர், உமிழ்நீர் போனால் அவருக்கு எல்லாம் போயிற்று. இன்னொருவருக்கு முதுகில் முன்பே ஒரு தடவை கதிர் கொடுத்திருக்கிறார்கள், தண்டுவடத்தின் பழைய கணக்கில் ஏற்கெனவே செலவாகியிருக்கிறது. இது கணிதம் இல்லை. இப்போது வரும் சில மென்பொருள்கள் பழைய திட்டங்களிலிருந்து கற்றுக்கொண்டு நல்ல தொடக்க எண்களைத் தாமே பரிந்துரைக்கின்றன, நேரம் மிச்சமாகிறது. ஆனாலும் அதற்குப் பின்னால் இருப்பது முன்பு வேறு டாக்டர்கள் செய்த தேர்வுகள்தான்.

## கணக்குக்குத் தெரியாத உடம்பு

கட்டி எங்கே முடிகிறது, சுரப்பி எங்கே ஆரம்பிக்கிறது என்று ஸ்கேன் படத்தில் ஒவ்வோர் அடுக்காகக் கோடு வரைய வேண்டும். மென்பொருள் வரைந்து கொடுத்தாலும் டாக்டர் பார்த்துத் திருத்த வேண்டும். அந்தக் கோடு தப்பானால், தப்பான இடத்துக்கு ஆகச் சிறந்த திட்டம் கிடைக்கும். மூச்சு விடுகிறோம், சிறுநீர்ப்பை நிறைகிறது, தினமும் மில்லிமீட்டர் சுத்தமாக அதே மாதிரிப் படுக்க முடியாது, அதனால் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் சேர்த்துத்தான் குறி வைப்பார்கள். திட்டம் முடிந்த பிறகு, நோயாளி இல்லாமல் ஒரு அளவுக் கருவியின் மேல் அதை ஓட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் சொன்ன டோஸ்தான் வருகிறதா என்று சரிபார்ப்பதும் உண்டு. ஸ்கேன் எடுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று வீட்டில் புலம்புவார்கள். அந்த நாள்களில் ஒரு பங்கு இதற்கெல்லாம் போகிறது. (இன்னொரு பங்கு வெறும் வரிசை. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்து அரசு மருத்துவமனைகளில் கேன்சர் சிகிச்சை கிடந்த கிடப்பைப் பற்றி 2017-இல் மனித உரிமை ஆணையமே அறிக்கை எழுதியது. அந்தக் கோபம் நியாயமானது, அதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.)

இன்னொன்று வீட்டில் இருப்பவர்களுக்கு. தலை, கழுத்துச் சிகிச்சைக்கு முகத்தின் அச்சிலேயே ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, தலை அசையாமல் படுக்கையோடு பூட்டுவார்கள். கணக்கு முழுவதும் அந்த முகமூடி செய்த சமயத்து உடம்பை வைத்துப் போட்டது. ஏழு வாரத்தில் சாப்பிட முடியாமல் எடை இறங்குவது சகஜம், கழுத்து மெலியும், கட்டியும் சுருங்கும், சுரப்பி கொஞ்சம் உள்பக்கமாக நகர்ந்து அதிக டோஸ் இருக்கும் இடத்துக்கே வந்து சேரலாம். மெலிவு ஓர் அளவைத் தாண்டினால் மறுபடி ஸ்கேன் எடுத்து, புது முகமூடி செய்து, மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடுவார்கள். மாமாவோ ஆயாவோ சிகிச்சையிலிருந்து வந்து, "இப்ப முகமூடி லூஸா இருக்கு, முன்னமாதிரி இறுக்கலை" என்று சந்தோஷமாகச் சொன்னால், அதை வீட்டோடு விட்டுவிடாமல் மறுநாள் காலையிலேயே மெஷின் அறையில் இருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.